கைராசிக்காரர் வீடு

அத்தியாயம் 11

திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போன ஜெக்கரியா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை. இப்போது சனிக்கிழமையும் விடிந்துவிட்டது. கீழ்த்தளத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தன் ஆபீஸ் ஷட்டரில் அவன் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்குகிறது.

வேதநாயகம் மாடி ஜன்னலை விரலளவு திறந்து கீழே பார்த்தார். முதல் பஸ்ஸில் வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றைவிட இன்று கூட்டம் அதிகம். சம்பா நடவு நேரம். வயலை விட்டு யாரும் லேசில் அசைய மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் வலங்கைமான் பக்கத்திலிருந்து இத்தனை பேர் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்றால், சும்மா திரும்பிப் போவதற்காக வரவில்லை.

கீழே ஒருவன் எழுந்து பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். வேதநாயகம் சட்டென்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

இந்த வீடு வந்த கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நூற்பாலையில் ஆட்குறைப்பு செய்தபோது வேதநாயகத்துக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் ஆலையுடையது, ஓய்வு மட்டும் இவருடையது. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று கைக்கு வந்ததை என்ன செய்வது என்று யோசித்தார். கூட வேலை பார்த்தவர்கள் கொழுத்த வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார்கள். கம்பெனி ஒரே ராத்திரியில் கதவைச் சாத்தியது. இவரோ செபஸ்தியார் நகரில் வீட்டை வாங்கி, கீழே வாடகைக்கு விட்டு, மாடியில் ஒண்டிக்கொண்டார். மாதம் பிறந்தால் வாடகை, அதில் சாப்பாடு. பென்ஷன் இல்லாத மனிதனுக்கு அதுதான் பென்ஷன்.

"செங்கல் எங்கேயும் ஓடிப்போகாதுடா" என்று ஏமாந்த நண்பர்களிடம் பெருமையடித்தவர் அவர். செங்கல் ஓடவில்லைதான். குடியிருந்தவன் ஓடிவிட்டான்.

"என்னங்க, ஜன்னல விட்டுத் தள்ளி வாங்க" என்றாள் அவர் மனைவி ஆரோக்கியம்.

"கல்லு கில்லு எடுக்குறானுங்களான்னு பாக்குறேன்."

"எடுத்தா என்ன செய்யப்போறீங்க?"

ஆரோக்கியம் எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளர்களை எடுத்தாள்.

"எங்க போற?"

"வெடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி வந்திருக்குங்க. ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வர்றேன்."

வேதநாயகம் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ஆரோக்கியம். தண்ணி குடுத்தா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தண்ணி குடுக்குறதுல ஒத்துக்க என்னங்க இருக்கு?"

தலைப்பை விடுவித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். அவர் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கட்டின மனைவியை வெளியே விட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போடுகிற அளவுக்குப் பயம். அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

கீழே யாரும் கல்லை எடுக்கவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். ஒல்லியாக, வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு ஒரு பெண் மட்டும் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய். பக்கத்தில் தலையில் துண்டோடு அவள் புருஷன் வைரக்கண்ணு. காலமெல்லாம் ஊராருக்கு நடவு நட்டு, அறுப்பறுத்து, இப்போதுதான் சொந்தமாக மூன்று மா, ஒரு ஏக்கர், நிலம் வாங்கியவர்கள். அதை ஒத்திக்கு வைத்துத்தான் மகன் நெடுஞ்செழியனைத் துபாய்க்கு அனுப்பினார்கள்.

"நீங்களும் பணத்துக்குத்தான் வந்தீங்களாம்மா?" என்றாள் ஆரோக்கியம், மெதுவாக.

"பணம் கெடக்குதும்மா. எம்புள்ள எங்கன்னு கேட்டு வந்தேன்."

"போய்ச் சேந்துட்டாங்கன்னு ஜெக்கரியா சொன்னானே?"

"எங்கள்ட்டயும் அதான் சொன்னாரு. போயி எறங்குனதும் போன் வரும்னாரு. ஒம்போது பேரு போனானுவ. ஒருத்தன்கிட்டேருந்தும் ஒரு தாக்கலும் இல்ல." பொன்னுத்தாய் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். "ஒங்க வீட்டு நம்பர்தானம்மா குடுத்துவிட்டோம். பி.பி. நம்பரு. ஐயா எடுத்து ஊருக்குச் சொல்லி அனுப்புவாருன்னு அந்த ஜெக்கரியாதான் சொன்னாரு. போன் ஒண்ணும் வரலீங்களா?"

"போன் நாலு நாளா வேலை செய்யலம்மா. லைன்ல கோளாறாம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு எங்கேயோ இடித்தது.

வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மா, ஒங்க வீட்டுக்காரர் மேல எங்களுக்கு ஒண்ணும் விரோதம் இல்ல. ஆனா ஒண்ணு. நாங்க அந்தாளு கையில பணம் குடுக்கல. ஐயா கையிலதான் குடுத்தோம்."

அது உண்மை. அந்த உண்மைதான் ஒரு வாரமாக மாடியில் இருப்பவரைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

வேதநாயகம் கைராசிக்காரர். ஆலையில் புது மெஷின் வந்தால் முதல் நூலை ஓட்டிவிட அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் யார் கடை போட்டாலும் முதல் போணி அவர் கையால்தான். வேலை போன பிறகு, ஒரு காசுக்கும் உதவாமல் மாடியில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அதுதான். ஜெக்கரியா குடிவந்த ஒரு மாதத்திலேயே அதை மோப்பம் பிடித்துவிட்டான்.

"அங்கிள், பசங்க மொத மொதல்ல கடல் தாண்டப் போறாங்க. உங்க கையால வாங்கிக் குடுங்க" என்று படியேறி வந்து கூப்பிடுவான். வேதநாயகம் வேட்டியை மாற்றிக்கொண்டு இறங்குவார். ஆரோக்கியம் தாம்பாளம் பிடிப்பாள். வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், மேலே பணக்கட்டு. பெற்றவர்கள் அந்தக் கட்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து அவர் கையில் கொடுப்பார்கள். அவர் கண்ணில் ஒற்றி ஜெக்கரியாவிடம் கொடுப்பார். பிறகு பையன்களின் நெற்றியில், எந்தச் சாமி கும்பிடுகிற பையனாக இருந்தாலும், சிலுவை வரைந்து "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்பார்.

ரசீது என்று ஒருவர் வாயெடுத்தபோது, "கைராசிக்காரர் கையில குடுத்துட்டு ரசீது கேட்டா நல்லா இருக்குமாங்க?" என்று ஜெக்கரியா சிரித்தான். கேட்டவர் வெட்கப்பட்டுப்போனார். வேதநாயகத்துக்கு அன்று உச்சி குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வந்து முன் வரிசையில் முழங்காலிடுகிற பையன், நம்ம ஆள் என்று நினைத்தார். தங்கள் மகன் ஜோசப்ராஜ் மஸ்கட்டில் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், எங்கே தங்கியிருக்கிறான் என்பதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாக அவனிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆரோக்கியம் காலிக் குடத்தோடு மேலே வந்து கதவைத் தட்டினாள். தாழ்ப்பாளைத் திறந்தது மருமகள் பிரின்ஸி. கல்யாணமான நாற்பதாம் நாள் புருஷனை மஸ்கட்டுக்கு ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும் என்று வாரத்தை ஓட்டுகிற பெண். அவள் முகம் சரியாக இல்லை.

"அத்தை, இங்க வந்து பாருங்க."

டெலிபோன் மேஜைக்குப் பின்னால், பீரோவின் சந்தில் பிரின்ஸி விரலை நீட்டினாள். சுவரில் இருக்கவேண்டிய ஒயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. தானாகக் கழன்றது போல இல்லை. சுருட்டி, பீரோவின் காலுக்கு அடியில் செருகி வைக்கப்பட்டிருந்தது.

வேதநாயகம் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, லைன் கோளாறுன்னு சொன்னீங்க" என்றாள் பிரின்ஸி. "நேத்து அவரு போன் பண்ணியிருப்பாரு. எடுக்கலைன்னா என்னன்னு நெனச்சிருப்பாரு?"

"செவ்வாய்க்கிழமை ஒருத்தன் பேசுனாம்மா" என்றார் வேதநாயகம். "பணம் வரலைன்னா வீட்டைக் கொளுத்திடுவேன்னான். பேரு கூடச் சொல்லல. அப்பறம் மணி அடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. அடிக்காம இருந்தாத் தேவலைன்னு தோணிச்சு."

ஆரோக்கியம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, போன பசங்க ஒருத்தனும் பேசலையாம். அவங்க கையில இருக்கிற ஒரே நம்பரு நம்ம நம்பர்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரியாதது இல்லை. ஜெக்கரியா கேட்டபோது சரி என்று சொன்னவரே அவர்தான். பயத்தில் அது மறந்தே போயிருந்தது. வீடு, வீடு என்று ஒரு வாரமாக ஒரே நினைப்பு. அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் பையன்கள் போனார்கள் என்பது நினைப்பில் இல்லை.

பிரின்ஸி ஒயரை எடுத்துச் சுவரில் செருகினாள். ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். நல்ல உயிரோடுதான் இருந்தது.

ஆரோக்கியம் யாரையும் கேட்கவில்லை. படியிறங்கிப் போய்ப் பொன்னுத்தாயையும் வைரக்கண்ணுவையும் மேலே கூட்டிவந்தாள். ஒரே அறைதான். வேதநாயகம் கட்டிலின் ஓரத்துக்கு ஒடுங்கினார். வைரக்கண்ணு நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். ஐந்து பேரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை மணி அடித்தது. தப்பான நம்பர். யாரோ அரிசி மண்டியைக் கேட்டார்கள். பிரின்ஸி ரிசீவரை வைத்தாள்.

பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. கீழே பேச்சுக்குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருந்தன. ஷட்டரை யாரோ காலால் உதைத்தார்கள். அந்த அதிர்வு மாடித் தரையில் தெரிந்தது. வேதநாயகம் உள்ளுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் எந்த வரி என்று மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் முறை மணி அடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. நீளமான, எஸ்.டி.டி. மணி.

"ஹலோ, வேதநாயகம் ஐயா வீடுங்களா? நான் நெடுஞ்செழியன் பேசுறேங்க. வலங்கைமான்."

பிரின்ஸி ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அறை முழுவதும் அந்தக் குரல் கேட்டது. பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க இருக்கீங்க? துபாயா?"

"இல்லைங்க. பம்பாயத் தாண்டவே இல்லைங்க. எல்லாரையும் ஒரே ரூம்ல வெச்சுப் பூட்டியிருக்காங்க. பாஸ்போர்ட்டெல்லாம் புடுங்கிட்டாங்க. நாலு நாளா டீ வாங்கியாரச் சொல்லி என்னை மட்டும் வெளிய விடுறாங்க. அதான் பூத்துக்கு ஓடியாந்தேன்."

"எந்த எடம்னு சொல்லுங்க."

"பேரு தெரியலைங்க. எழுதியிருக்குறது படிக்க முடியல. ரயிலு ஓடுற சத்தம் கேக்குது, மீன் நாத்தம் அடிக்குது. நாளைக்கு ராத்திரி கப்பல்ல ஏத்தப் போறாங்களாம். துபாய்க்கு இல்லையாம். எங்கன்னு கேட்டா அடிக்கிறாங்க. எங்ககூட வந்த யூசுப்பு மவனுக்குக் கையி வீங்கிக் கெடக்கு." மூச்சு வாங்கியது. "நாலு நாளும் கூப்புட்டுப் பாத்தேங்க. மணி அடிக்குது, யாரும் எடுக்க மாட்டேங்குறீங்க."

பிரின்ஸி மாமனாரைப் பார்க்கவில்லை. பொன்னுத்தாயிடம் ரிசீவரைக் கொடுத்தாள்.

"தம்பி, நீ ரூமுக்குத் திரும்பிப் போவாதடா. அப்படியே ரயிலடிக்கு ஓடிப்போயிடு."

"மத்தவனுவள விட்டுட்டு எப்புடிம்மா ஓடியாறது? அம்மா, ஐயாகிட்ட சொல்லு..."

அங்கே இந்தியில் ஒரு ஆண்குரல் அதட்டியது. ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு கொர்ரென்ற சத்தம் மட்டும்தான்.

பொன்னுத்தாய் அழவில்லை. ரிசீவரை எப்படி வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "ஐயாகிட்ட என்ன சொல்லச் சொன்னான்னு தெரியலையே" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்க முடியாமல் வேதநாயகம் காதைப் பொத்திக்கொண்டார்.

"கெளம்புங்க" என்றாள் ஆரோக்கியம். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்."

போகும் வழியில் ஆட்டோவில் வேதநாயகம் அவள் காதோடு பேசினார். "ஆரோக்கியம், நான் சொல்றதைக் கேளு. பையன் பம்பாய்ல இருக்கான்னு சொல்லுவோம். அதுக்கு மேல நாம பேசவேண்டாம். வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான். சரியா?"

ஆரோக்கியம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சநதம் புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தில் இருந்தார். நெற்றியில் நாமம், மேஜையில் துளசித் தண்ணீர். பசியில் முகம் கடுகடுவென்று இருந்தாலும் எல்லாவற்றையும் கேட்டார். வைரக்கண்ணு சொன்னார், பொன்னுத்தாய் சொன்னாள், ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்திருந்த முகம்மது யூசுப் தன் மகன் போட்டோவை மேஜைமேல் வைத்தார்.

"பணம் குடுத்ததுக்கு ரசீது இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினார்கள்.

"ஒருத்தர்கிட்டக்கூட இல்லையா? எப்படிய்யா குடுத்தீங்க?"

"ஐயா கையிலதாங்க குடுத்தோம்" என்றார் வைரக்கண்ணு. "அவரு கைராசிக்காரரு."

பஞ்சநதம் வேதநாயகத்தின் பக்கம் திரும்பினார். அவரை மேலும் கீழும் பார்த்தார். வெளுத்த சட்டை, கழுத்தில் ஜெபமாலை.

"சார், நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடுறேன். இவங்க பணம் குடுத்தாங்க, ஆளை வெளிநாடுன்னு சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்கன்னு கேஸ் நிக்கணும்னா சாட்சி வேணும். கேஸ் நின்னாத்தான் இன்னைக்கே கீழ இருக்கிற ரூமை ஒடச்சுப் பாத்து, பம்பாய் அட்ரஸ் ஏதாவது கெடைக்குதான்னு தேடி, அங்க தகவல் சொல்ல முடியும். சாட்சி இல்லைன்னா ஆளைக் காணோம்னு மட்டும் எழுதிக்குவேன். அது நடக்குறபடி நடக்கும். நாளைக்கு ராத்திரிக்குள்ள நடக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"ஆனா நீங்க கை நீட்டி வாங்கினேன்னு சொன்னா, நீங்களும் இதுல கூட்டுன்னுதான் ஆகும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுக்கு சீல் வைப்போம். கேஸ் முடியறவரைக்கும் விக்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. அது எத்தனை வருஷம் ஆகுமோ. இப்ப சொல்லுங்க. உங்க கையில குடுத்தாங்களா?"

வேதநாயகம் தன் கைகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அந்த வாடகை இல்லாவிட்டால் அடுத்த மாதம் அரிசிக்கு யாரிடம் போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் வெறும் வீட்டுக்காரன்தாங்க" என்றார். "வாடகைக்கு விட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

யூசுப் ஒரு அடி முன்னால் வந்தார். வைரக்கண்ணு அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். பொன்னுத்தாய் மட்டும் வேதநாயகத்தின் அருகில் வந்து நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஐயா, எம்புள்ள நெத்தியில சிலுவை போட்டீங்களே" என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எழுதிக்கங்க" என்றது ஒரு குரல். ஆரோக்கியம்தான். "அவரு வாங்கினாருங்க. ஒவ்வொரு தடவையும் வாங்கினாரு. பக்கத்துல தாம்பாளம் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்."

"ஆரோக்கியம்!"

"யோசிச்சுப் பேசுங்கம்மா" என்றார் பஞ்சநதம். "வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"அப்ப உங்க பேரும் சேரும்."

"சேரட்டுங்க."

வேதநாயகம் அவள் கையைப் பிடித்தார். "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவோம்? இந்த வயசுல எங்க போய் நிப்போம்?"

"தெரியலைங்க" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பையன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தானே, மணி அடிக்குது யாரும் எடுக்கலைன்னானே. மறுபடியும் எடுக்காம இருக்கச் சொல்றீங்களா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரைட்டர் பேப்பரையும் கார்பனையும் அடுக்கி எழுத ஆரம்பித்தார். ஆரோக்கியம் சொல்லச் சொல்ல எழுதினார். யார் யார் வந்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஜெக்கரியா என்ன சொன்னான். அவள் ஒன்றையும் விடவில்லை. ஒரு இடத்தில் ரைட்டரின் பேனாவை நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரருக்கு இதுல ஒரு பைசா கெடைக்கலீங்க. கூப்பிட்டு மரியாதை பண்ணுறாங்கன்னு போனாரு. அதையும் எழுதிக்கங்க" என்றாள். ரைட்டர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பஞ்சநதம் எழுதச் சொல்லிக் கையசைத்தார்.

எழுதி முடிந்தது. ரைட்டர் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பேனாவை நீட்டினார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பிரின்ஸி ஓடிவந்தாள். செருப்பு மாற்றிப் போட்டிருந்தாள்.

"ஏம்மா, போன்கிட்ட யாரு இருக்கா?" என்றாள் ஆரோக்கியம்.

"பக்கத்து வீட்டு அக்காவ உக்கார வெச்சுட்டு வந்தேன். அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க." இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினாள். "ஜெக்கரியா பேசுனான்."

"எங்கேருந்து?"

"சொல்லல. நீங்க ஸ்டேஷனுக்கு வந்தது அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுதோ. வெளிய நிக்கிற கூட்டத்துல அவன் ஆளு யாரோ இருக்கான் போலிருக்கு. 'உங்க அத்தைய ஒண்ணுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு'ன்னான். மஸ்கட்ல அவரு வேலை பாக்குற கம்பெனி பேரு, தங்கியிருக்கிற பில்டிங், ரூம் நம்பரு எல்லாம் சொல்றான் அத்தை. எல்லாம் நாம சொன்னதுதான். அங்க அவனுக்கு ஆள் இருக்காம். 'ஜோசப்ராஜ் பாஸ்போர்ட் மேனேஜர் கையிலதான இருக்கு, நான் ஒரு போன் பண்ணாப் போதும், உன் புருஷன் எங்க போனான்னு நீயும் தேடிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்'னு சிரிக்கிறான்."

ஆரோக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீடு போனால் போகட்டும் என்று சொல்ல முடிந்தது. இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு ஒரே பிள்ளை.

"வெறும் மிரட்டலா இருக்கும்" என்றாள். யாருக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லைன்னா, அத்தை?"

"அம்மா, கையெழுத்து" என்றார் ரைட்டர். "அய்யா ஜீப்ல ஏறிட்டாரு. நீங்க போட்டாத்தான் வண்டி கெளம்பும்."

ஆரோக்கியம் மேஜைக்கு வந்தாள். பேனாவை எடுத்தாள். பிரின்ஸி அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை" என்றாள். "கொஞ்சம் பொறுங்க. மஸ்கட்டுக்குப் போன் போட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடலாம். ராத்திரிக்குள்ள எப்படியாவது பேசிடலாம்."

பெஞ்சிலிருந்து வேதநாயகம் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். பொன்னுத்தாய் அதற்கு முன்பே மேஜையருகில் வந்துவிட்டாள். மருமகளின் முகத்தையும் மாமியாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன் வந்துச்சாம்மா? எம்புள்ளையா?"

"இல்ல பொன்னுத்தாய்" என்றாள் ஆரோக்கியம். "எம்புள்ளையப் பத்தி."

பிரின்ஸி பிடியை விடவில்லை. அந்தப் பிடியோடேயே ஆரோக்கியம் கையெழுத்தைப் போட்டாள்.